நான்காம் பையில் மூன்றாம் குழி மண்

நான்காம் நம்பர் பையில் இருந்தது மூன்றாம் குழியில் எடுத்த மண். அதை அள்ளிப் போட்டுச் சீட்டுக் கட்டியவன் நான்தான். கட்டடம் எழும்பும் முன் நிலத்தைத் துளையிட்டு மண்ணைச் சோதிக்கும் கம்பெனியில் அப்போது எனக்கு சூப்பர்வைசர் வேலை. ஆனேக்கல் பக்கம் ஐந்து மாடி வரப்போகிற மனை; மூலைக்கு ஒரு குழி. மேட்டில் மூன்றும் அந்தச் சனிக்கிழமை முடிந்துவிட்டன. பள்ளத்து மூலையில் முழங்கால் சேறு, போதாததற்கு முள். எனக்கோ ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

“எல்லாம் ஒரே செம்மண்தானே, மேஸ்திரி?” என்றேன்.

துளை போடும் மேஸ்திரி அந்த ஊர்க்காரர். வாயிலிருந்த பீடியை எடுக்காமலே சொன்னார்: “மேல இருக்கிறது இங்கயே கல்லு இத்துப்போயி மண்ணானது சார். கீழ இருக்கிறது கெரெத் தண்ணி, அதான் ஏரித் தண்ணி, கொண்டாந்து போட்டது. ரெண்டும் ஒரே பாரம் தாங்குமா?”

சிரித்துவிட்டுப் பையைக் கட்டினேன்.

சிரிப்பு பஸ்ஸில் ஒசூர் ரோடு ஏறும்வரைதான் தாங்கியது. திங்கட்கிழமை ரிப்போர்ட் போய்விடும். அதை நம்பித்தான் தூண் நிறுத்துவார்கள். கட்டாத வீட்டில் மனசுக்குள் நானே ஆள்களைக் குடியேற்றினேன். மூன்றாம் மாடியில் ரிட்டயரான டீச்சர் ஒருவர். அவருடைய பீரோக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் போன காக்ஸ் டவுன் கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்க, நான் தூண் நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் அளந்தேன். மதியம் தட்டில் ரசம் ஒரு பக்கமாக ஓடியது. “மேசை கோணல்” என்றாள் மனைவி. கல்யாணமான நாளாகக் கோணல்தான்; அன்றைக்குத்தான் எனக்கு வியர்த்தது. மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

“துளை போடுற ரிக் மிஷின இன்னும் கழட்டல சார், வாங்க. நீங்க கூப்பிடலைன்னா நாளைக்கு உங்க ஆபீசர கூப்பிட்டிருப்பேன்.”

மேட்டில் ஓர் அடி இறங்க முப்பது சம்மட்டி அடி வாங்கிய குழாய், பள்ளத்தில் அன்று நாலே அடி வாங்கிப் புதைந்தது. அல்வா மாதிரி கறுப்புக் களிமண், சாக்கடை நாற்றத்தோடு. ஆளுயரத்துக்கு மேல் தோண்டியும் அதுவேதான். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

“சிரிக்காதீங்க சார், பையில போடுங்க.”

திங்கட்கிழமை ஆபீசர், ஞாயிற்றுக்கிழமை எதற்குக் குழி என்று கேட்டார். ஒரு பொய் கிடைக்குமா என்று மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். நடந்ததை நானே சொன்னேன். சூப்பர்வைசர் வேலை போயிற்று. ஒரு வருடம் மேஸ்திரிக்குக் கீழே கயிறு இழுத்தேன். என்னைச் சார் என்று கூப்பிடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

பள்ளத்துப் பக்கத் தூண்களைக் களிமண்ணைத் தாண்டி ஆழமாக இறக்கினார்கள். அந்த வழியே போகும்போதெல்லாம் “நிக்குது மேஸ்திரி” என்று அவருக்குப் போன் செய்வேன். இப்போது அவர் இல்லை. போன மாதம் போனபோது யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. கேட்டிலிருந்த வாட்ச்மேனிடம், “நிக்குதுங்க” என்றேன்.

அவர் கட்டடத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

“ஏன் சார், நிக்காம?”