கண்ணாடிக்கு வைத்த பொட்டு

மகாதேவி ரீச்சர் முட்டைகூடத் தொடாத சைவம். ஆனாலும் தரம் பத்துக்கு இதயம் படிப்பிக்கும் நாளில் விடியவே நெல்லியடிச் சந்தைக்குப் போய் ஒரு ஆட்டிதயம் வாங்குவார். வாழையிலையில் சுற்றிச் சைக்கிள் கூடையில் கொண்டுபோய், வகுப்பு மேசையில் பிளந்து நான்கு அறைகளையும் காட்டுவார். பின்னேரம் கிணற்றடியில் தலைமுழுகிய பிறகுதான் அடுப்படிக்குள் நுழைவார்.

"ரீச்சர் எப்ப தொட்டு இறைச்சி தின்னத் தொடங்கினவ எண்டு கடைக்காரன் கேக்கிறான்" என்று கணவர் இளையதம்பி பகிடி பண்ணுவார்.

"படிப்பிக்கிறதுக்கு ஆசாரம் பார்க்கேலாது" என்பார் இவர்.

அப்படிப்பட்டவர் அந்த வி.ஆர். கண்ணாடிகளைத் தொட மறுத்தது எல்லோருக்கும் வியப்பாகத்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர்கள் வாங்கி, வலயக் கல்வி அலுவலகத்தின் வழியாக அனுப்பிய நான்கு கண்ணாடிகள் அவை. முகத்தில் மாட்டினால் இதயத்துக்குள்ளேயே நடந்து திரியலாம். தொழில்நுட்பம் படிப்பிக்கும் அருந்ததி பயிற்சிக்குப் போய்ப் பழகி வந்திருந்தாள். மற்றவர்கள் "மகாதேவி ரீச்சர் போடட்டும், பிறகு நாங்கள் போடுறம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கண்ணாடிகள் அலுமாரிக்குள் போயின. தவணை முடிவதற்குள் பாவிக்காவிட்டால் வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"ஆட்டிதயம் வெட்டின நீங்கள் உதுக்கே பயப்பிடுறியள்?" என்று அருந்ததி ஒருநாள் கேட்டாள்.

"பயமில்லைப் பிள்ளை. நாப்பது பேருக்கு முன்னாலை நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நிண்டால், வகுப்பு ஆரின்ரை கையிலை?"

அவருடைய படிப்பித்தல் முழுவதும் கண்ணில்தான் இருந்தது. குரல் உயராது, பிரம்பு எடுத்ததில்லை. கரும்பலகையில் எழுதும்போதும் பாதி உடம்பு பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு பார்வை போதும், பின்வாங்கில் கதை நின்றுவிடும். அந்தப் பார்வையைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்பில் எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வாணி விழா வந்தது. பூசை அலங்காரம் ஆண்டுதோறும் மகாதேவியின் பொறுப்பு. படிப்புக்கு உதவும் எதையும் சரஸ்வதிக்கு முன்னால் வைக்காமல் விடமாட்டார். நுணுக்குக்காட்டி, உலக உருண்டை, பந்து எல்லாம் வந்தன. அலுமாரியைத் திறந்து கண்ணாடிகளையும் எடுத்துவந்தார். புது வாகனத்துக்கு வைப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றும் மூலைக்கு ஒன்றுமாகச் சந்தனப் பொட்டு வைத்துக் குங்குமமும் தொட்டுவிட்டார்.

அருந்ததி அருகில் வந்து நின்றாள். "பூசையிலை வைச்சதை விஜயதசமியண்டு எடுத்துத் தொடங்கவேணும் எல்லே? தொடங்காமல் திருப்பி அலுமாரிக்குள்ளை வைக்கலாமோ, ரீச்சர்?"

மகாதேவி ஒரு பார்வை பார்த்தார். அருந்ததி சிரிக்காமல் நின்றாள்.

"நல்லாய்த்தான் பிடிச்சிருக்கிறாய்" என்றார் மகாதேவி.

விஜயதசமியன்று தரம் பத்து வகுப்பில் முதல் கண்ணாடியை அருந்ததி மாட்டிப் பார்த்தாள். ஒன்றும் நிலைத்து நிற்கவில்லை. எல்லாம் சுழன்று இருண்டது. மற்றவையும் அப்படியே.

"இதயம் நிண்டுபோச்சோ, மிஸ்?" என்றான் டிலக்ஷன். வகுப்பு சிரித்தது.

வாசலில் நின்ற அதிபர் பிரகலாதன், "பழுதெண்டு சொல்லித் திருப்பி அனுப்புவம், பிள்ளை. எங்களுக்கும் கரைச்சல் இல்லை" என்றார். அருந்ததியின் முகம் விழுந்துவிட்டது.

மகாதேவி ஒரு கண்ணாடியை எடுத்துத் திருப்பினார். மூலைகளில் காய்ந்த சந்தனம். நகத்தால் ஒன்றைச் சுரண்டினார். கீழே மிளகளவில் ஒரு கறுப்பு வட்டம் மினுங்கியது.

"உதென்ன?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கமரா, ரீச்சர். அதாலை பார்த்துத்தான் தான் எங்கை நிக்கிறன் எண்டு அது அறியும்."

அருந்ததி நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியை மூடுவதில் இருந்தாள். அதிபர் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். மகாதேவி பேசாமல் இருந்தால் போதும், கண்ணாடிகள் போய்விடும். பிறகு யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை.

"சேர், நில்லுங்கோ. பழுதில்லை. நான்தான் அதின்ரை கண்ணை மூடிப்போட்டன்."

கைலேஞ்சியை நனைத்துத் துடைத்தார். துடைத்ததை அருந்ததியிடம் கொடுக்கவில்லை; கொண்டையைச் சற்று இறக்கிவிட்டுத் தானே மாட்டிக்கொண்டார். அவர் காண்பது சுவரில் விழுத்திய படத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. சிவந்த சுவர்கள். நடுவில் கதவைவிடப் பெரிய வால்வு, மூடித் திறந்து, மூடித் திறந்து. இத்தனை ஆண்டுகள் அவர் வெட்டிக் காட்டிய இதயங்களில் ஒன்றும் துடித்ததில்லை. தன்னை அறியாமல் பின்னால் ஓரடி வைத்தார். மேசையில் இடுப்பு இடித்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அவர் பயந்திருந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"டிலக்ஷன், உன்ரை சிரிப்பு எனக்குத் தெரியும். நான் இப்ப எந்தப் பக்கத்திலை நிக்கிறன்?"

சிரிப்பு அடங்கியது. "வலது பக்கம், ரீச்சர்."

"வால்வுக்கு எத்தினை மடல் எண்டு எண்ணு."

"ரெண்டு."

"அப்ப?"

"இடது, ரீச்சர்."

"ஓம். இப்ப வா, நீ போட்டுப் பார்."

அடுத்த கிழமை சமூகக்கல்வி ரீச்சர் அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கேட்டு வந்தார். கண்ணாடிகள் பள்ளிக்கூடத்திலேயே தங்கின.

"இனி ஆட்டிதயம் வாங்கிறேல்லையோ?" என்று இளையதம்பி கேட்டார்.

"வாங்குவன். உது துடிக்குது, ஆனால் கைக்குத் தட்டுப்படேல்லை."

அடுத்த மாசியில் காய்ச்சல் என்று படுத்த மகாதேவி எழும்பவில்லை. அவர் இல்லாத முதல் வாணி விழாவில் சந்தனக் கிண்ணத்தை அருந்ததி எடுத்தாள். கண்ணாடிகளைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மூடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள்.