உட்கார விடுவாங்களா?

கடைக்குள் நுழைந்ததும் நாமெல்லாம் அலமாரியைப் பார்ப்போம். அக்கா குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கிறார். செருப்பு வாரைச் சரிசெய்வது போல ஒரு பாவனை. அங்கே ஸ்டூல் இருந்ததா இல்லையா என்பது நிமிரும்போது முகத்திலேயே தெரிந்துவிடும். இருந்தால் கைப்பை திறக்கும். இல்லாவிட்டால், "அப்புறம் வரேன்பா" என்று ஒரு சிரிப்பு. அந்த அப்புறம் வரவே வராது.

எங்கள் லேபில் வரவேற்பு மேசை அவருடையது. அடுத்த அறையில் ரத்தம் எடுப்பது நான். பெரிய டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். வாசலில் யார் தலை தெரிந்தாலும் அவர் வாயில் வரும் முதல் சொல், "உக்காருங்க." ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஓட நினைப்பவரையும் ஒரு தரம் உட்காரவைத்துத்தான் அனுப்புவார். கூரியர்காரர் இதற்குப் பயந்தே பொட்டலத்தை வாசற்படியில் நின்று நீட்டுகிறார்.

இங்கே வருமுன் ஒரு பெரிய துணிக்கடையில் இருந்தாராம். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஈ ஓட்டுகிற நேரத்திலும் தூணில் சாயக்கூடாது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். "நாற்காலி எல்லாம் இருந்துச்சு தம்பி. வாங்க வர்றவங்களுக்கு. அதைத் துடைக்கிறது மட்டும் நாங்க" என்பார். பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முறை வைத்து உட்கார்ந்துவிட்டு வருவார்களாம். திரும்பும் பஸ்ஸில் சீட் கிடைத்தால் அப்படியே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவாராம். கெண்டைக்காலில் இன்றும் நரம்பு சுருண்டு கிடக்கிறது, அதற்கு மேல் இறுக்கமான காலுறை. இத்தனையையும் அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுதான் எனக்குத் தாங்காது.

இந்தக் கோடையில் அக்காவுக்குப் பிக்னிக் ஆசை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைப் பூங்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் குடும்பமும் தங்கை குடும்பமும். எதற்கு வெயிலில் போய்க் காயவேண்டும் என்று கேட்டேன்.

"அம்மா அப்பா போனாங்க, வீட்டையும் வித்தாச்சு. எனக்கும் தங்கச்சிக்கும் பொதுவா இப்ப ஒரு கூரை இல்ல தம்பி. அவ வீட்டுக்குப் போனா நான் விருந்தாளி, என் வீட்டுக்கு வந்தா அவ விருந்தாளி. மரத்தடின்னா ரெண்டு பேரும் ஒண்ணு."

அதைக் கேட்டபின் கேலியைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு நிறுத்தவில்லை, ஏனென்றால் அதற்கு அவரே தீனி போட்டுக்கொண்டிருந்தார். பிக்னிக்குக்குப் போகும் ஒரு பொருள்கூட யாரையும் கால்கடுக்க நிற்கவைத்துச் செய்ததாக இருக்கக்கூடாது. இது சட்டம். காகித டம்ளர் பாக்கெட்டில் பச்சை இலை படம் போட்டு, பூமிக்கு நல்லது என்று அச்சடித்திருந்தார்கள். "பூமிக்கு நல்லது, சரி. செஞ்சவ காலுக்கு?" என்று அதைத் திருப்பி வைத்துவிட்டார். வீட்டு எவர்சில்வர் டம்ளரே போதும் என்று முடிவாயிற்று.

பாய்க்கடையில் இன்னும் வேடிக்கை. "இது உக்காந்து செய்யிற வேலைதாங்க. நானும் என் சம்சாரமும்தான் நெய்யிறோம்" என்று கடைக்காரர் நிம்மதியாகச் சொன்னார்.

"சரி, அவங்களை எழுந்திருக்க விடுவீங்களா?"

அன்று யார் முகத்தில் விழித்தோம் என்று அந்த மனிதர் யோசித்திருப்பார். அக்கா அதோடு விடவில்லை. "நான் அவங்களையே கேட்டுக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார். தறிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்களும் என்ன பேசினார்களோ, வெகுநேரம் கழித்து ஒரு பாயோடும் அந்த அம்மாவின் போன் நம்பரோடும் வெளியே வந்தார்.

பழரச பாட்டிலில் புகாருக்கென்று ஒரு நம்பர் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில், நாங்கள் எல்லோரும் கேட்க, அதற்குப் போட்டார்.

"உங்க புகார் என்னங்க மேடம்?" என்றது ஒரு இளம் குரல்.

"புகாரே இல்லப்பா. பாட்டிலுக்கு மூடி போடுறவங்க நின்னு போடுறாங்களா, உக்காந்து போடுறாங்களா?"

"அது... எனக்குத் தெரியாதுங்களே மேடம்."

"நீ உக்காந்திருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன் மேடம்."

"அப்ப பாதி பாஸ். மீதியைக் கேட்டுச் சொல்லு. தண்ணி குடிச்சியா?"

பையன் கேட்டுச் சொல்லவே இல்லை. பழரசம் போய் எலுமிச்சை வந்தது. அதைத் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கினார். அவர் தனக்குத்தானே முதலாளி, நிற்பதும் உட்காருவதும் அவர் இஷ்டம். முட்டை விஷயத்தில் அக்காவின் வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார். "கோழி உக்காந்துதான் முட்டை போடும். கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ணிடு." அதே மனிதர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்: "ஊருக்கெல்லாம் நாற்காலி போடுறா. வீட்டுல இன்னும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

எல்லாம் கூடிவரும்போதுதான் பன் வந்து குறுக்கே விழுந்தது. தங்கையின் கணவருக்குச் சொந்தமாக பேக்கரி இருக்கிறது. பன்னும் கேக்கும் எங்கள் பொறுப்பு என்று தங்கை ஆசையாகப் போனில் சொல்ல, அக்கா பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்: "உங்க கடையில நிக்கிற அம்மாவுக்கு ஸ்டூல் போட்டிருக்கீங்களாடி?"

தங்கை, "எங்க பன்னு வேண்டாம்னா நாங்களும் வேண்டாம்னுதானே அர்த்தம்?" என்று போனை வைத்துவிட்டாள்.

"ஒரு பன்னுக்காகத் தங்கச்சியை விட்டுடுவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"விடமாட்டேன். ஆனா அந்தம்மாவையும் விட முடியல. நான் நின்ன இடத்துலதானே அவங்க நிக்கிறாங்க?"

அந்த வாரம் அக்கா அக்காவாக இல்லை. கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அக்கா கணினியையே வெறித்துக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய் நாற்காலி போட்டேன். தங்கை வராவிட்டால் அந்தப் பாயை யாருக்காக விரிப்பது என்பதுதான் அவர் கவலை என்று எனக்குத் தெரியும். பார்க்கப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், "துணைக்கு வாங்க தம்பி. சண்டை வந்தா பன்னு வாங்க வந்தவர் மாதிரி நில்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கல்லாவில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அக்கா வயதுள்ள ஒரு பெண்மணி நின்றிருந்தார். உள்ளே அடுப்பருகே மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. தங்கை 'வாக்கா' என்று சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பது போல, "என்ன வேணும்?" என்றாள்.

அக்கா குனிந்து செருப்பு வாரைத் தொட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது, புத்தம் புதிது. ஆனால் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது.

"வாங்கிப் போட்டாச்சு. அவரோட மல்லுக்கட்டி வாங்கினேன். போதுமா?" என்றாள் தங்கை.

"உறை பிரிக்கலையேடி."

"அழுக்காயிடும்னு அவர்தான்... காலையிலேருந்து அவரும்தானேக்கா நிக்கிறாரு!"

"அவருக்கும் ஒண்ணு வாங்கிப் போடு."

நின்றிருந்த பெண்மணி சங்கடமாகச் சிரித்தார். "உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க. உக்காந்தா அந்தக் கவர் கிரீச்சுனு கத்துது. சத்தம் கேட்டா முதலாளி திரும்பிப் பாக்கறாரு. அதான் நிக்கிறேன்."

தங்கையின் முகம் மாறியது. இது அவளுக்கே புதுச் செய்தி போலிருக்கிறது. கல்லாவை விட்டு எழுந்தாள். கேக் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, குனிந்து, உறையைக் கிழித்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"உக்காருங்க."

அந்த அம்மாள் நுனியில் உட்கார்ந்தார். "நல்லா உக்காருங்க" என்றார் அக்கா. நன்றாக உட்கார்ந்தார். சத்தமில்லை. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கை உறையைச் சுருட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "நாளைக்கு எத்தனை மணிக்குக்கா வரணும்?"

அக்கா பதில் சொல்வதற்குள் ஒருவர் பையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "நாலு பன்னு, ஒரு ரொட்டி." அந்த அம்மாள் முழங்காலில் கையை ஊன்றி எழப் போனார். அக்கா அவர் தோளை அழுத்தி அப்படியே இருத்திவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் போய் இடுக்கியை எடுத்தார்.

"பன்னு நாலுங்களா சார்? இதோ தரேன்."