மூன்று விரல் நுழையாத வாய்

காதுவலி என்றுதான் முதலில் நினைத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லிங்கராஜபுரத்தில் நவம்பர் பிறந்தால் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. சர்ச்சில் பாடல் பயிற்சி முடித்துக் குளிரில் நடந்து வந்ததால் வலிக்கிறதென்று காதில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். காது டாக்டரோ, "காது சுத்தமா இருக்கும்மா" என்று அனுப்பிவிட்டார்.

வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலையில், இட்லி விண்டு வைக்கக்கூட வாய் திறக்கவில்லை.

தங்கவயலில் வளர்ந்த என் கணவர் தனக்குப் பயம் வந்தால் கிண்டல் செய்வார். "கர்த்தர் என் ஜெபத்தக் கேட்டுட்டாருடி" என்றார். நான் அழுததும் ஸ்கூட்டரை எடுத்தார்.

பல் மருத்துவமனையில் பார்த்த பெண் டாக்டர் கன்னடக்காரர். என் கடி பிசகியிருப்பதை (ஒரு பக்கம் கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே உட்கார்வது) கண்ணாடியில் காட்டினார். தாடை மூட்டுக்குள் இருக்கும் வட்டு (எலும்புகள் உரசாமல் காக்கும் மெத்தை) நகர்ந்துவிட்டதாம்.

"கடி சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். இப்ப ஏன் மாட்டிக்கிச்சு? புதுசா ஏதாவது பண்றீங்களா?"

பல்லைக் கடித்தபடியே சொன்னேன். எங்கள் பாடல் குழுவில் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக வாயில் நுழைத்துக் காட்டினால்தான் மாஸ்டர் முன்வரிசை தருவார். எனக்கு நுழையாது. தாடையை ஒரு பக்கம் தள்ளி, வீட்டிலும் தினமும் நுழைத்துப் பழகி, சில மாதங்களாக முன்வரிசையில் நின்றேன்.

"அய்யோ! நாங்க அளந்து பாக்கறதும் மூணு விரல்தான். ஆனா தள்ள மாட்டோம்மா!"

"கிறிஸ்துமஸுக்குப் பாடலாமா?"

"இந்த வருஷம் பேடா, வேண்டாம்மா. உச்சத்தில பாடறது அப்புறமும் சந்தேகம்தான்."

அதைக் கேட்டபோது வலித்ததுபோல் தாடைகூட வலிக்கவில்லை.

இரவில் கடித்துக்கொள்ள ஒரு தகடு (தூக்கத்தில் பற்கள் அழுந்தாமல் தடுப்பது), வெந்நீர் ஒத்தடம், குழைந்த சோறு. அந்த வருடம் வீடு வீடாகப் போய்ப் பாடும் எங்கள் குழுவின் கேரல் வேன் எங்கள் வாசலிலும் வந்து நின்றது. கிட்டாரும் நட்சத்திர விளக்குமாக எல்லோரும் பாடினார்கள். நான் சால்வைக்குள் வாயை மூடி நின்றேன். அவர்கள் போனதும் அச்சுமுறுக்கைக் காபியில் ஊறவைத்துத் தின்றேன்.

மாதங்கள் கழித்து வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. உச்சக் குரலுக்கு அது போதவில்லை. உங்களுக்கும் தாடையில் சத்தம் கேட்டால், தயவுசெய்து இழுத்துத் திறந்து பார்க்காதீர்கள்.

"மாஸ்டர், நான் இனிமே பின்வரிசையில நிக்கட்டுமா?"

"நில்லும்மா. ஆல்டோவுக்கு (பெண்களின் தாழ்குரல்) ஆளே இல்ல. இருக்கிற ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கறாங்க."

இன்றும் கொட்டாவி வந்தால் மோவாயைக் கையில் தாங்கிக்கொள்கிறேன். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு முடிப்பவள் நான்தான். முன்வரிசையில் நின்ற காலத்தில் என் குரல் மட்டுமே எனக்குக் கேட்டது. தாழ்குரலில் பாடுகிறவள் மற்றவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பாட வேண்டும். அந்தக் குழுவில் பாதிப் பேர் இப்போது ஊரில் இல்லை, சிலர் உலகத்திலேயே இல்லை. அவர்கள் ஒவ்வொருவர் குரலும் எனக்குத் தனித்தனியாக நினைவிருக்கிறது.