இடது ஓரத்தைக் காலியாக விட்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அலுவலகக் கேன்டீனில் டீ டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் ரதீஷ் போனில் கூப்பிட்டான். "சாமி, நம்ம சார் போயாச்சு" என்றான். எங்கே போனார் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவன் அழுவது கேட்டதும் விளங்கியது. அதன்பின் நான் செய்த முதல் காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை மணிக்கு வண்டி பிடிக்க வேண்டும் என்று கேட்பதற்காக ராசையா சாரின் எண்ணையே அழுத்தினேன். பதினெட்டு வருடமாக எந்தச் சிக்கல் வந்தாலும் என் விரல் போகிற இடம் அதுதான். இரண்டு தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார்?" என்றேன்.

"நான் மேரி, சாமி" என்றார் அவருடைய மனைவி. "அவரு போனுல்லா, அவரே பேசுவாருன்னு நானும் காதுல வச்சுக்கிட்டு நிக்கேன்."

ராசையா சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம் அவருடையது. போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். கால்பந்து ஆடித்தான் திருவனந்தபுரத்தில் எங்கள் துறையில் வேலை வாங்கினார். முழங்கால் போன பிறகு எங்கள் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். போனக்காட்டில் பேய் இருக்கிறதாமே என்று அலுவலகத்தில் யாராவது சீண்டினால், "எங்க ஊர்ல பேய்க்கும் வேலை இல்லாம பஸ் ஏறிப் போயாச்சு" என்பார். நானோ கிழக்கேகோட்டையில் அக்ரஹாரத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் ஏழு தலைமுறையாக யாரும் பந்தை உதைத்ததாகத் தகவல் இல்லை. கணக்குப் பிரிவில் இருந்த என்னை அணிக்கு மேலாளராகப் போட்டது ஓர் அதிகாரியின் விளையாட்டுப் புத்தி. பஸ் ஏற்பாடு செய்வது, தண்ணீர் கொண்டுபோவது, ஆட்டக்காரர் பட்டியல் எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான் என் பொறுப்பு.

மற்ற பயிற்சியாளர்கள் சீசன் தொடங்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வருவார்கள். இப்படித்தான் தாக்க வேண்டும் என்று அதில் படம் போட்டிருக்கும். ராசையா சாரிடம் நோட்டும் கிடையாது, படமும் கிடையாது. முதல் நாள் எல்லோரையும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்வார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். ஜோசியம் பார்க்கிறார் என்று பயல்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். "ஆளைப் பாத்துத்தான் சட்டை தைக்கணும் சாமி. தைச்ச சட்டைக்குள்ள ஆளைத் திணிச்சா, கையைத் தூக்கும்போது கிழியும்" என்று என்னிடம் சொன்னார்.

ஷிபுவின் செருப்பில் குதிகால் குழிந்திருந்தது. "இவன் நின்னு யோசிச்சு நடக்கிறவன். முன்னால விட்டா மாட்டிக்கிடுவான். பின்னால இருந்து வரட்டும்" என்று அவனைத் தடுப்பு வரிசையில் நிறுத்தினார். வினுவின் செருப்பைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இடது செருப்பு ஓரம் முழுக்கத் தேய்ந்து காகிதமாகியிருந்தது. வலது செருப்பு கடையில் வாங்கியபடியே இருந்தது. "இவன் பாதி உலகத்துலதான் நடக்கான்" என்றார். வேறு எவரும் அவனுக்கு வலது காலையும் பழக்கியிருப்பார்கள். இவர் மொத்த அணியையும் இடது பக்கம் சாய்த்தார். நடுவில் ஆடிய ரதீஷுக்கு நிமிர்ந்து பார்க்காமல் பந்தை அனுப்பும் வரம் இருந்தது. அவன் பார்க்காமல் இடது ஓரத்துக்கு அடிப்பான், வினு அங்கே இருப்பான். எங்களை நொண்டி டீம் என்று கேலி செய்தவர்கள் அந்த நொண்டியிடமே நான்கு வருடம் வரிசையாகத் தோற்றார்கள்.

ஐந்தாவது வருட மழையில், விதுரா சாலையின் ஒரு வளைவில் பைக் சறுக்கி வினு இறந்துபோனான். இருபத்தேழு வயது.

ஒரு வாரம் கழித்துப் பயிற்சி தொடங்கியது. வினுவின் இடத்தில் மனோஜை நிறுத்தினார் சார். மனோஜ் நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் ரதீஷ் அனுப்பிய பந்து ஒவ்வொன்றும் மனோஜுக்கு இரண்டு எட்டு முன்னால் விழுந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. வினுவின் வேகத்துக்கு அளந்த பந்து அது. கோல்கீப்பர் உதைத்ததும் அங்கேதான் போனது. பந்து போன பிறகு எல்லோரும் ஒரு கணம் இடது பக்கம் திரும்பி நின்றார்கள். எதற்காக நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"செத்த செய்தி தலைக்குத்தான் தெரியும் சாமி. காலுக்கு இன்னும் போய்ச் சேரலை" என்றார் சார்.

காத்திருக்க நேரமும் இல்லை. எங்கள் அணியில் ஐந்து பேர் ஒப்பந்த ஊழியர்கள். ரதீஷும் ஷிபுவும் அதில் அடக்கம். அணி முதல் பிரிவில் நிலைத்தால் ஐவருக்கும் வேலை நிரந்தரம். கீழே இறங்கினால் அணியைக் கலைத்துவிட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்புவது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. அதை ஜெயித்தே ஆக வேண்டும்.

அந்த ஆட்டத்தில்தான் நான் என் வாழ்நாளின் பெரிய பிழையைச் செய்தேன். பட்டியலில் ரெஃபரி கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு ஒரு பெயரையும் சேர்க்க முடியாது. நான்கு வருடமாக ஒரே வரிசையில் எழுதிப் பழகிய பதினொரு பெயர்களை மடமடவென்று எழுதிக் கொடுத்துவிட்டு, தண்ணீர்க் கேனைப் பார்க்கப் போய்விட்டேன். மாற்று ஆட்டக்காரர் என்று எழுத அன்று யாரும் இல்லை. இருந்த ஒருவனும் காய்ச்சலில் படுத்திருந்தான். ரெஃபரி களத்தின் நடுவில் நின்று பெயர்களைப் படித்தார். பத்துப் பேர் கை தூக்கினார்கள். பதினொன்றாவதாக "வினு" என்று படித்தார்.

பூட்ஸ் கட்டித் தயாராக நின்ற மனோஜ் என்னைப் பார்த்தான். அவன் பெயரை நான் எழுதவே இல்லை. பதில் வராததால் ரெஃபரி மறுபடியும், இன்னும் சத்தமாக, "வினு" என்று கூப்பிட்டார். பத்துத் தலைகளும் ஒன்றாக இடது பக்கம் திரும்பின.

ஐந்து குடும்பத்தின் சோற்றில் மண் போட்டுவிட்டோமே என்று சாரிடம் ஓடினேன். "சார், பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழுதுன கைக்கும் செய்தி சேரலை போல" என்று மட்டும் சொல்லிவிட்டு, பத்துப் பேரையும் சுற்றி உட்கார வைத்தார்.

"ரதீஷே, இத்தன நாளு எங்க அடிச்சியோ அங்கதான் அடிக்கணும். நிமிந்து பாக்காத. ஷிபு, பந்து போன பிறகு நீ பின்னால இருந்து கிளம்பு. வேற யாரும் இடது ஓரத்துக்குப் போக வேண்டாம்." இடது ஓரத்தைக் கையால் காட்டி, "அது அவன் எடம்" என்றார்.

முதல் பாதி முழுக்கக் கூட்டம் சிரித்தது. ஆளே இல்லாத இடத்துக்குப் பந்து போவதும், பாவம் ஷிபு மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் அது வெளியே உருண்டுவிடுவதுமாக இருந்தது. இரண்டாம் பாதியில் மேகம் கூடி இருட்டியது. சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் எதிரணியில் வலது பக்கம் காத்தவன் எங்கள் காலி இடத்தை விட்டு நகரவில்லை. நெட்டையான ஆள், அந்த மாதம்தான் கண்ணூரிலிருந்து வந்தவன், வினுவைப் பார்த்தே இராதவன். இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடக்கி, எதிரே ஆள் இருப்பதைப் போலவே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தான். நடுவுக்கு வா என்று அவன் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். அவன் திரும்பாமலே, "இயாளெ விட்டிட்டு ஞான் எங்ஙனெ வரும் சாரே" என்றான். இந்த ஆளை விட்டுவிட்டு நான் எப்படி வருவது என்று கேட்கிறான்.

நான் அங்கிருந்து பத்தடி தூரத்தில் இருந்தேன். அங்கே யாரும் இல்லை. எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்வேன். இருந்தான் என்று அவனும் செய்திருப்பான்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ரதீஷ் தலை குனிந்தபடி மறுபடி இடது ஓரத்துக்கு அடித்தான். நெட்டையன் யாரையோ மறிப்பதற்காகப் பாய்ந்து, வெறும் புல்லில் விழுந்தான். பந்து சேற்றில் நின்றது. பின்னாலிருந்து வந்த ஷிபு அதைத் தள்ளிக்கொண்டு போனான். நெட்டையன் விட்ட இடைவெளி வாசல் மாதிரித் திறந்து கிடந்தது. ஒரு கோல். அது போதுமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் நெட்டையன் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கை கொடுத்தான். பத்தாவது கையை விட்ட பிறகும் நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரைத் தேடுகிறான் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஐவருக்கும் வேலை நிரந்தரமானது. அடுத்த சீசனில் எங்கள் பயல்கள் இடது ஓரத்தைத் தாங்களாகவே காலியாக விட்டார்கள். மனோஜ் வலது பக்கம் ஒதுங்கிக்கொண்டான். முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தோம். வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது. அதிகாரிகளுக்கு ஏக மகிழ்ச்சி. எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் குடிக்கும்போது ரதீஷ் பாட்டிலை இடது பக்கம் நீட்டுவான். முன்னால் யாரோ ஓடுகிற காற்று முகத்தில் படுகிறது என்று ஷிபு சொன்னான்.

மூன்றாவது வெற்றிக்குப் பிறகு சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு அஞ்சு பேருக்குச் சோறு வேணும், அவனைக் கூப்பிட்டேன். அது மதி, அதோட போதும்" என்றார். "செத்தவன் காலை வச்சு நாம ஜெயிச்சுக்கிட்டே இருந்தா, அவன் எப்போ சாமி வீட்டுக்குப் போவான்?"

மறுநாள் மைதானத்தின் இடது பாதியைக் கயிறு கட்டி அடைத்தார். இரண்டு மாதம் வலது பக்கத்தில் மட்டுமே பயிற்சி. மனோஜின் காலுக்குப் புதிதாக ஒரு தாக்குதலைப் பொறுமையாகத் தைத்தார். பயல்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆட்டங்களை வரிசையாகத் தோற்றோம். ஜெயித்துக்கொண்டிருந்த முறையை ஏன் மாற்றினீர்கள் என்று விசாரணை வைத்தார்கள். "அது எங்க பயல்களோட ஆட்டம் இல்லை சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். எதிரணியிடம் காசு வாங்கிவிட்டார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். மேலாளர் என்ற முறையில் நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. இதையெல்லாம் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் என்பதுதான் அதற்குச் சரியான பெயர். இன்று எழுதுவது அந்தப் பழியைத் துடைக்கத்தான், மிகவும் தாமதமாக.

பயிற்சியாளராக அவருடைய கடைசி ஆட்டத்தையும் தோற்றோம். ஆனால் முடியும் தறுவாயில், நடுவில் பந்து கிடைத்த ரதீஷ் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். இடது பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை என்பதைப் பார்த்தான். பிறகு வலது பக்கம் திரும்பி மனோஜுக்கு அனுப்பினான். பந்து மனோஜின் காலில் போய் விழுந்தது. சார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "சேந்துட்டு சாமி, செய்தி சேந்துட்டு" என்று அழுதார். மறுநாள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெறும் குமாஸ்தாவாக மேஜைக்குத் திரும்பினார். ஓய்வு பெற்றதும் விதுராவில் வீடு பார்த்துக்கொண்டு போனார். மாதம் ஒரு தடவை போனில் பேசுவோம். அந்த நாட்களைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

புதன்கிழமை அவரைப் போனக்காட்டில், அவர் அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தோம். அன்று ஆடிய பத்துப் பேரும் வந்திருந்தார்கள். தொந்தி வைத்து, நரை விழுந்து, நிரந்தர உத்தியோகத்தின் சகல அடையாளங்களோடும் நின்றார்கள். பாஸ்டர் ஜெபம் முடித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். பகல் மூன்று மணிக்கே மூடுபனியாக மஞ்சு இறங்கி, தேயிலைச் சரிவில் முன்னால் போகிறவர்களின் முதுகுதான் தெரிந்தது.

பாதி வழி இறங்கியிருப்போம். மேலே, கல்லறைப் பக்கத்திலிருந்து விசில் கேட்டது. இரண்டு குறில், ஒரு நெடில். பயிற்சி முடிந்தது, எல்லோரும் என்னிடம் வாருங்கள் என்று சார் ஊதுகிற விசில். தோட்டத்தில் யாரோ மாட்டை ஓட்டியிருக்கலாம், பறவையாகவும் இருக்கலாம். பத்துப் பேரின் முதுகும் ஒரே சமயத்தில் விறைத்ததை நான் பார்த்தேன். என் தலை தானாகத் திரும்பப் போனது.

ரதீஷ் என் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினான். "நடங்க சாமி. நாம நின்னா, என்னமோ ஏதோன்னு சார் திரும்பி வந்துருவாரு."

சார், நாங்கள் நிற்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் போங்கள்.