கோட்டக்காரர்

சக்கரக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து நெரித்துவிட்டு, ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் கேட்கிறார். 'டிங்' என்றால் தலையாட்டுவார். 'டங்' என்றால் மீண்டும் கம்பி முறுக்கும் சாவியைப் போடுவார்.

சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி கோத்துக் கோட்டம் எடுப்பது தொழில். தெருவுக்கு அவர் கோட்டக்காரர். கடைக்கு வெளியேயும் அந்தக் கண் ஓய்வதில்லை. சுவர்ப்படம், மின்விசிறி, எதுவும் தப்பாது. மருமகனை முதலில் பார்த்தபோதே சொன்னார்: "பையன் நல்லவன்தான். வகிடு அரை நூல் இடப்பக்கம் ஓடுது."

அந்த மருமகனும் மகளும் இப்போது சைக்கிளிலேயே மலைகள் தாண்டிப் போகப் போகிறார்கள். கூடாரம், அடுப்பு, போர்வை எல்லாம் மகளின் பின்சக்கரத்தின் மேல். "சக்கரத்த நான் கட்டித் தரேன். சரியானதும் கிளம்பும்மா" என்று வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து சக்கரம் சரியாவேனா என்கிறது.

சக்கரத்தின் நடுவில், கியரெல்லாம் வயிற்றுக்குள் வைத்திருக்கும் குண்டு ஹப் அது. அதற்குக் குட்டைக் கம்பியும், கம்பிக்குக் கம்பி ஒரே தரம் குறுக்கிடும் ஒற்றைப் பின்னலும் போதும். பின்னல் கூடினால் கம்பி ரிம்முக்குள் சாய்ந்து நுழையும்; பாரம் ஏறினால் கழுத்தில் ஒடியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனாலும் நீளக் கம்பியாகத் தேடி எடுத்து மூன்று பின்னல் போட்டார். "கை மறந்துடுச்சும்மா" என்று பிரித்தார். மறுபடி கட்டினார். "ஒரு கம்பிக்குக் குரல் சரியில்ல" என்று அதையும் பிரித்தார்.

"ஏங்க, கண்ண மூடிக்கிட்டுக் கட்டுற ஆளு நீங்க. உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"மூட்டை ஜாஸ்திடி. நடுக்காட்டுல ஒடிஞ்சா அங்க யாரு இருக்கா?"

இன்று மூன்றாவது சக்கரம். டீ குடிக்க வந்த மைத்துனரைப் பின் கேரியரில் ஏற்றினார். ஆள் பீரோ மாதிரி. மகள் மிதித்தாள், தெருவின் குழி ஒன்றையும் விடவில்லை.

"மாமா, நான் டீ குடிக்கத்தானே வந்தேன்?"

"பேசாம உக்காரு மச்சான். மூட்டை எங்கயாவது பேசுமா?"

திரும்பி வந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சுழற்றினார். ரிம் மயிரிழை அசையவில்லை. சுண்டினார். எல்லாம் ஒரே குரல்.

"இப்பவாவது சரியாப்பா?"

"இரு, பாக்குறேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் மாமாவை மகள் உள்ளே கூட்டிப் போனாள். கோட்டக்காரர் வாசலைப் பார்த்தார். ஒரு கம்பியில் சாவியைப் போட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினார். சுண்டினார். டங். "அம்மாடி" என்று கூப்பிட வாய் திறந்தார்.

உள்ளே அவள் மாமாவுக்கு டீ ஆற்றிக்கொண்டே சிரிப்பது கேட்டது.

சாவியைப் போட்டு அதே கால் சுற்றை இறுக்கினார். சுண்டினார். டிங்.