இரும்புச் சட்டை பின்னிய வருடம்

இரும்புச் சட்டை பின்னுகிறவனுக்கு முதலில் போவது விரல் நுனித் தோல், அடுத்துப் போவது நித்திரை. குடும்பத்தைக் கூப்பிட மனுப் போட்டுவிட்டுத் தபால்காரரின் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்த என் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்பத்தெட்டில் டென்மார்க்கில், கோல்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. கோடையில் பழங்கால வாள்சண்டை நடத்திக் காட்டும் டேனிஷ்காரர்களுக்குக் கவசம் செய்து கொடுப்போம். மனைவி மலரும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில். மனுப் போட்டு ஒரு வருடமாகியும் பதில் இல்லை.

விலை

ஒவ்வொரு வளையமும் நாலு வளையத்துக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் சின்ன ஆணி அடித்து மூட வேண்டும். ஒரு சட்டைக்கு இருபதாயிரத்துக்கு மேல் வளையம், மூன்று மாத வேலை. ஹென்ரிக் என்ற பள்ளிக்கூட வாத்தியார் அளவு கொடுத்துவிட்டு விலை கேட்டார். முதலாளி யென்ஸ் சொன்னதும் வாத்தியார் கதிரையைத் தேடி இருந்துவிட்டார்.

ஓடர் போனால் என் வேலை போகும், வேலை இல்லாதவன் மனைவியை எப்படிக் கூப்பிடுவது? நல்லகாலம், வாத்தியார் கையெழுத்துப் போட்டார். போட்டபடியே சொன்னார்: "இந்த விலைக்குச் சட்டை இல்லாமலே இரண்டு வெட்டு வாங்கிக்கொள்ளலாம்."

அக்குள்

சட்டை முடிந்ததும் முற்றத்தில் பரிசோதனை. வாத்தியாரின் கூட்டாளி மொட்டை வாளால் ஓங்கி வெட்டினார். வாள் வழுக்கிப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அந்த மனிதர் கையுறை போட்ட இடக்கையால் வாளின் நடுவைப் பிடித்து, நிலம் குத்தும் அலவாங்கு போல நீட்டி, நுனியை வாத்தியாரின் அக்குளில் வைத்தார். அங்கே நாங்கள் வளையம் பின்னுவதில்லை.

மூன்று மாத உழைப்பு ஒரு குத்தில் முடிந்துபோனதாக எனக்குத் தோன்றியது. என்னோடு வேலை செய்த மன்னார் அன்ரன் அண்ணை முதுகில் தட்டினார்: "முழுக்க மூடினால் கை தூக்கேலாது, தூக்க இடம் விட்டால் குத்து விழும். எங்கட நிலைமைதான், தம்பி."

படம்

வெளிநாட்டுக்கு வந்தவன் ஊருக்குப் படம் அனுப்பாமல் இருப்பானா? ஆரோ ஒருவரின் காருக்குப் பக்கத்தில் நின்று எடுப்பதுதான் நம் வழக்கம். நான் கொஞ்சம் பெரியாளாகக் காட்ட நினைத்து, வாத்தியாரின் சட்டையையும் தலைக்கவசத்தையும் போட்டு, வாளோடு நின்று எடுத்து மலருக்கு அனுப்பினேன். போர் நடக்கும் ஊருக்கு அனுப்புகிறேன் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஆட்களை மறித்துச் சோதிக்கும் சென்றியில் அவளுடைய கைப்பையைச் சோதித்த ஆமிக்காரன் அந்தப் படத்தைக் கண்டுவிட்டான். இது எந்தப் படை, இவன் எப்போது திரும்பி வருவான் என்று கேட்டுக் காலையிலிருந்து பின்னேரம் வரை அவளையும் குழந்தையையும் வெயிலில் இருத்தியிருக்கிறான். இவ்வளவும் அவளுடைய கடிதத்தில் இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. கடைசியில் இப்படித்தான் எழுதியிருந்தாள்: "இனிப் படம் அனுப்பிறதெண்டால் கோட்டைப் போட்டு, கார் ஒண்டுக்குப் பக்கத்தில நிண்டு அனுப்புங்கோ."

கோப்பு

அன்றே என் மனு கிடக்கும் கொப்பன்ஹேகன் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மனைவியைப் பிடித்து வைத்தார்கள், அடுத்தமுறை விடாமலும் போகலாம் என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் கெஞ்சினேன். மறுமுனையில் பேசிய பெண் அன்பானவள். எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "கவலைப்படாதே, உன் கோப்பு இங்கே மிகவும் பத்திரமாக இருக்கிறது."

வராத எதிரிக்குப் பயந்த டேனிஷ்காரர் எத்தனையோ பேருக்கு நான் காவல் பின்னிக் கொடுத்தேன், சென்றியைத் தாண்டி வரவேண்டிய என் மனைவிக்கோ ஒரு அனுமதிக் கடுதாசியைக்கூட வாங்கிக் கொடுக்க முடியவில்லை.