இரண்டு கிளைப்பாதைகளுக்கு நடுவே ஒரு வீடு

எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தது தரகர் இல்லை, ரயில்வே கால அட்டவணை. நான் சின்னசேலத்தில் பள்ளி ஆசிரியர். பெண்ணுக்கு நெய்வேலியில் அலுவலக வேலை. மேற்கே சேலம் பாதை, கிழக்கே கடலூர் பாதை, நடுவில் விருத்தாசலம் ஜங்ஷன். ஜாதகம் பார்த்த கையோடு மாமனார் அட்டவணையையும் விரித்தார்.

“காலைல ஆளுக்கொரு வண்டி, சாயங்காலம் ரெண்டு பேரும் வூட்ல இருப்பீங்க. பொருத்தம் நல்லா இருக்குதுங்க மாப்ள” என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. விருத்தாசலத்தில் அப்படி ரயில் சேர்த்துவைத்த குடும்பங்கள் பல உண்டு. பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம், ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு பார்த்தோம்.

திருச்சி போகும் பெரிய பாதை அப்போதே அகலப்பாதை ஆகிவிட்டது. எங்கள் இரண்டு கிளைகளும் குறுகலான மீட்டர் கேஜாகவே கிடந்தன. அப்படியேதான் கிடக்கும் என்று நம்பியதுதான் எங்கள் புத்திசாலித்தனம். புது மனைவியோடு பிளாட்பாரத்தில் டீ குடித்தது கொஞ்ச நாள்தான். முதலில் கடலூர்ப் பக்கம் அகலமாக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அவள் பஸ்ஸுக்கு மாறினாள். பிறகு சேலம் பக்கம் பெயர்த்தார்கள். நான் வேப்பூரில் பஸ் மாறி, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி போய்வந்தேன். மாமனாரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ, “ப்ராட்கேஜ் வரட்டும், பறக்கலாங்க” என்பார்.

ப்ராட்கேஜ் வந்தது, மின்கம்பியும் வந்தது. பறக்கத்தான் வண்டி போதவில்லை. இருக்கிற வண்டியும் ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஏதாவது சின்ன ஸ்டேஷனில் நின்றுவிடும். என்னால் உட்கார முடியாது. கதவுக்குப் போவேன், எட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன்.

“சார், நீங்க நடந்தா வண்டி கெளம்பிடுமா?” என்று எதிர் சீட்டுக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார். ஊர் சேரும்வரை அவரிடம் நான் பேசவில்லை.

போன மாதம் மனைவிக்குக் கடலூரில் பதவி உயர்வு வந்தது, குவார்ட்டர்ஸோடு. முன்பும் இப்படி வந்திருக்கிறது. என்னைத் தனியே விட முடியாது என்று அவளே மறுத்துவிட்டாள். இந்தத் தடவை மறுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்லாமல், போனை எடுத்து வண்டி நேரம் தேட ஆரம்பித்தேன்.

“காலைல ஒரு வண்டி இருக்குது பாரு. இங்கருந்தே போயிட்டு வந்துடலாம்” என்றேன்.

“அந்த போனை மொதல்ல கீழ வைங்க. ரயிலோடயும் பஸ்ஸோடயும் மல்லுக்கட்டி ஓஞ்சிட்டேன். நான் போறேங்க.”

“அப்ப நானு?”

“கடலூர்ப் பக்கம் பள்ளிக்கூடமே இல்லியா? மாறுதல் கேளுங்க.”

“வேற மாவட்டம். நெனச்ச ஒடனே குடுத்துடுவாங்களா?” என்று கத்தினேன். அதன்பிறகு ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாமான் கட்டினாள். தொழிற்பேட்டையில் செய்வதைப்போலவே வைக்கோல் பரப்பி, ஒரு பீங்கான் தட்டு, ஒரு கப் மட்டும் பெட்டியில் வைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதானா?”

“ஒங்களுத நீங்கதான் கட்டணும்” என்றாள், தலை நிமிராமல். “வர்றதா இருந்தா.”

பெட்டியில் பாதி இடம் காலியாக இருந்தது. அலமாரியிலிருந்து என் கப்பை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“கொஞ்சம் வைக்கோல் குடு” என்றேன்.